விம்மும் வானம்

1924 டிசம்பரில் ஒரு நாள். லண்டன் நகர மையத்திலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி ஒரு புறநகர் வீடு. காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு ஹெட்போனைக் காதில் மாட்டினால் ஒன்றும் கேட்காது. நிலையம் திறக்கவே இன்னும் பல மணி நேரம் இருக்கிறது. பிபிசி தினசரி ஒலிபரப்பைத் தொடங்கியது 1922 நவம்பர் 14 அன்று; இரண்டு வயதுக் குழந்தை அது. பகலில் சில மணி நேரம் பேசும், நடுவில் தூங்கும், மாலையில் விழித்துக்கொண்டு இரவு வரை பாடும்.

வீடு நம் கற்பனை. அதற்குள் நடப்பவை அந்தக் காலத்து வீடுகளில் உண்மையாகவே நடந்தவை. அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டனில் வானொலி உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவர்கள் ஓயாமல் புலம்பிய தொல்லைகள் மூன்று: முள் நழுவுகிறது, பக்கத்து வீட்டிலிருந்து ஊளை வருகிறது, இரவானால் குரல் தேய்கிறது. மூன்றாவது புலம்பலின் நுனியைப் பிடித்துக்கொண்டு போன ஒருவர், அதே டிசம்பரில், வானத்துக்கே நாடா பிடித்து அளந்துவிட்டார். அந்த இரவுக்குப் போய்ச் சேருமுன் பகலைக் கடக்க வேண்டும்.

காலை: முப்பது மீட்டர் கம்பி

வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்புமுன் கொல்லைப்புறத் தோட்டத்துக்குப் போய் அண்ணாந்து பார்க்கிறார். ராத்திரி அடித்த காற்றுக்கு ஏரியல் தாங்கியதா? புகைபோக்கியிலிருந்து தோட்டத்துக் கோடியில் நட்ட கம்பம் வரை ஒரு செப்புக் கம்பி தொங்குகிறது. ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் கட்டி அஞ்சலகத்தில் வாங்கிய உரிமம் அந்தக் கம்பிக்கும் வரம்பு போட்டிருக்கிறது: உயரமும் நீளமும் சேர்ந்து 100 அடிக்கு மேல் கூடாது. சுமார் 30 மீட்டர். கம்பியின் ஒரு முனை ஜன்னல் சட்டத்தில் போட்ட துளை வழியாக உள்ளே வந்து மேசை மேல் இருக்கும் சின்னப் பெட்டியில் சேர்கிறது. பெட்டியிலிருந்து இன்னொரு கம்பி புறப்பட்டுத் தண்ணீர்க் குழாயைச் சுற்றிக்கொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. அதுதான் எர்த்.

லண்டன் நிலையத்தின் அலைநீளம் சுமார் 365 மீட்டர். வானொலி அலை நொடிக்கு 30 கோடி மீட்டர் ஓடுவது. எனவே நொடிக்கு ஏறத்தாழ 8,22,000 அலைகள் அந்தத் தோட்டத்தைக் கடக்கின்றன. ஒவ்வொன்றும் கம்பியில் உள்ள எலெக்ட்ரான்களை ஒருமுறை மேலே தள்ளி ஒருமுறை கீழே இழுத்துவிட்டுப் போகிறது. ஏரியலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எலெக்ட்ரான்கள் ஊஞ்சலாட, அந்த ஆட்டத்திலிருந்துதான் பெட்டி தன் பிழைப்பை நடத்துகிறது. அதற்குள் பேட்டரி கிடையாது. வீட்டுக்கு மின் இணைப்பே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நகரத்தின் நடுவே ஒன்றரை கிலோவாட் அளவில் ஊரெங்கும் வாரி இறைக்கப்படும் ஆற்றலில், இந்தக் கம்பியில் பட்ட துளியைக் கொண்டே ஹெட்போன் தகடு அதிர்ந்தாக வேண்டும். ஓட்டுக் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் பிடிப்பது போலத்தான்: கூரை பெரிதானால் குடம் சீக்கிரம் நிறையும். காலையில் கம்பியை அண்ணாந்து பார்ப்பதன் காரணம் அதுதான்.

பிற்பகல்: பூனை மீசை

பிற்பகலில் பெண்களுக்கான பேச்சு ஒன்று வரும். வீட்டுக்காரம்மாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேசை முன் உட்காருகிறார். கேட்பதற்கு முன்னால் தேட வேண்டும். பெட்டியின் மேல் ஒரு சிறு கிண்ணத்தில் பட்டாணி அளவு கருஞ்சாம்பல் கல் பளபளக்கிறது. கலீனா என்னும் ஈயச் சல்பைடு படிகம். அதன்மேல் சுருள் சுருளான மெல்லிய கம்பி ஒன்றின் முனை லேசாக ஊன்றி நிற்கிறது. ஆங்கிலேயர் அதற்கு வைத்த செல்லப் பெயர் பூனை மீசை. கல்லின் எல்லா இடத்திலும் ஒலி கிடைத்துவிடாது. மீசையைத் தூக்கித் தூக்கி வைத்து, எந்தப் புள்ளியில் குரல் பளிச்சென்று வருகிறதோ அங்கே கையை எடுக்காமல் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் புள்ளி என்ன வேலை செய்கிறது? நிலையம் அனுப்பும் அலையின் மேல் பேச்சு ஏறி உட்கார்ந்திருக்கிறது. பேச்சு உரக்க வந்தால் அலையின் வீச்சு கூடும், தணிந்தால் குறையும். ஆனால் அலை நொடிக்கு எட்டு லட்சம் தடவை முன்னும் பின்னும் போகிறது. ஒரு வண்டியை ஒருவர் முன்னால் தள்ள, இன்னொருவர் அதே பலத்தோடு பின்னால் இழுத்தால் எப்படி நகரும்? ஹெட்போன் தகடும் அசையாது. படிகமும் மீசையும் தொடுகிற இடம் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிறது. பின்னால் இழுப்பவரின் கையைக் கட்டிப்போட்டாயிற்று. இப்போது தள்ளுகிற தள்ளில் ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சும், அதுதான் பேச்சு.

ஃபெர்டினாண்ட் பிரவுன் என்ற ஜெர்மானியர் 1874இலேயே படிகங்களின் இந்த ஒருவழிக் குணத்தைக் கவனித்துவிட்டார். கலீனாவை வானொலி அலைகளைக் கண்டுபிடிக்கும் கருவியாக்கியவர் கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ். 1901இல் அவர் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1904இல் கிடைத்தது. ஆனால் ஒரு புள்ளி ஏன் வேலை செய்கிறது, அதன் பக்கத்துப் புள்ளி ஏன் செய்வதில்லை என்பதற்கு 1924இல் யாரிடமும் நல்ல பதில் கிடையாது. திடப்பொருளுக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி நடமாடுகின்றன என்று குவாண்டம் இயற்பியல் சொல்லித்தரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தெருவில் ஒரு லாரி போகிறது, மேசை அதிர்கிறது, மீசை நழுவுகிறது, பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. எரிச்சலோடு மறுபடியும் தேடுகிற அந்த அம்மாள், தெரியாமலே, குறைக்கடத்தி இயற்பியலின் முதல் கேள்வியைத்தான் விரலால் தடவிக்கொண்டிருக்கிறார். 23 ஆண்டுகள் கழித்து, 1947 டிசம்பரில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டனும் ஜெர்மேனியத் துண்டு ஒன்றின் மேல் இரண்டு முனைகளை நெருக்கி ஊன்றி டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். பூனை மீசைக்கு ஒரு தம்பி பிறந்தான் என்று சொல்லலாம்.

மாலை: கிண்ணத்துக்குள் குடும்பம்

டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளுக்கு மாலையில் அவர்களுக்கென்றே ஒரு நிகழ்ச்சி. நடத்துபவர்கள் எல்லோரும் 'மாமா', 'அத்தை' என்றுதான் அறிமுகமாவார்கள். நம் வானொலி அண்ணாக்களுக்கு மூத்தவர்கள். ஹெட்போன் ஒன்று, கேட்க வேண்டியவர் நான்கு பேர். அதற்கும் வழி உண்டு. பெரிய பீங்கான் கிண்ணம் ஒன்றை மேசை நடுவில் வைத்து அதற்குள் ஹெட்போனைப் போட்டுவிட வேண்டும். எல்லாப் பக்கமும் சிதறிப் போகிற ஒலி கிண்ணச் சுவரில் பட்டு மேல்நோக்கி வரும். எல்லோரும் தலையைக் குனிந்து, பேச்சை நிறுத்தி, கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால் மாமாவின் கதை ஓரளவு கேட்கும்.

ஏழு மணிக்குச் செய்தி. அதற்கு முன்னால் செய்தி வாசிக்க பிபிசிக்கு அனுமதியில்லை. மாலைப் பத்திரிகை விற்பனை படுத்துவிடும் என்று பயந்த செய்தித்தாள் உலகம் போட்ட நிபந்தனை அது. நேரம் சொல்வதற்கு மட்டும் யாரும் தடை போடவில்லை. 1924 பிப்ரவரி 5 முதல் கிரீனிச் வானாய்வகத்திலிருந்து ஆறு 'பிப்' ஒலிகள் வந்தன. அங்கே இருந்த கடிகாரங்களின் ஊசலில் மின்தொடுப்பு வைத்து, தொலைபேசிக் கம்பி வழியாக நிலையத்துக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு பிக் பென் மணியும் ஒலிபரப்பில் வழக்கமாகிவிட்டது.

மணிக்கூண்டிலிருந்து 340 மீட்டர் தள்ளித் தெருவில் நிற்பவரின் காதுக்கு அந்த மணியோசை போய்ச் சேர ஒரு நொடி ஆகும். 15 கிலோமீட்டர் தள்ளி, கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு? மணியருகே வைத்த மைக்கை ஒலி தொடும் வரைதான் தாமதம். அதன்பின் வானொலி அலை அந்தத் தொலைவைக் கடக்க எடுப்பது ஒரு நொடியில் 20,000இல் ஒரு பங்கு. கூண்டின் நிழலில் நிற்பவரைவிட ஊருக்கு வெளியே இருப்பவருக்கு மணி முந்தி அடிக்கிறது. அலை வேகமானதுதான், ஆனாலும் போய்ச் சேர அதற்கும் ஒரு கொஞ்சம் நேரம் வேண்டும். இந்தக் 'கொஞ்சம்' இரவில் பெரிய வேலை செய்யப் போகிறது.

எட்டு மணி: பக்கத்து வீட்டு ஊளை

கச்சேரி ஆரம்பித்துச் சூடுபிடிக்கும் நேரம். கிண்ணத்துக்குள் திடீரென்று கீச்சென்று ஒரு சீழ்க்கை. மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது, காணாமல் போகிறது, மறுபடி ஏறுகிறது. வீட்டுக்காரர் பற்களைக் கடிக்கிறார். காரணம் அவருக்குத் தெரியும். அடுத்த வீட்டில் வால்வு பெட்டி வாங்கியிருக்கிறார்கள்.

வால்வு பெட்டி வசதிக்காரர் வீட்டு விவகாரம். வால்வின் இழையைச் சூடாக்க அமிலம் நிரப்பிய ஈய பேட்டரி வேண்டும். தீர்ந்தால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் சார்ஜ் ஏற்ற வேண்டும். அவ்வளவும் செய்தால் படிகத்துக்கு எட்டாத நிலையங்கள் கிடைக்கும். அதிலும் ஒரு குறுக்குவழி உண்டு: வால்வு பெருக்கிக் கொடுத்ததில் ஒரு பங்கை எடுத்து மறுபடி அதன் வாசலுக்கே திருப்பிவிடுவது. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்து ஒவ்வொரு தடவையும் லேசாகத் தள்ளுவது போன்றது இது. நலிந்த அலைகூட வலுப்பெறும். ஆனால் குமிழியைக் கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டால் ஊஞ்சல் யாரும் தொடாமலே தானாக ஆடத் தொடங்கிவிடும். அப்போது கேட்கும் பெட்டி ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையமாக மாறி, தன் ஏரியல் வழியாக ஊரெல்லாம் அலை பரப்பும். பிபிசியின் தலைமைப் பொறியாளர் பீட்டர் எக்கர்ஸ்லி ஒலிபரப்பிலேயே வந்து, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள் என்று நேயர்களைக் கெஞ்சிப் பார்த்தார்.

அந்தச் சீழ்க்கை எங்கே பிறந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். நிலையத்தின் அலை நொடிக்கு 8,22,000 தடவை அதிர்கிறது. பக்கத்து வீட்டு அலை 8,23,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே காதுக்கு எட்டாதவை. ஆனால் ஒரே கம்பியில் சேரும்போது சில கணங்களில் இரண்டும் கைகோத்துக் கூடும். சில கணங்களில் முட்டி மோதிக் குறையும். இந்தக் கூடலும் குறைதலும் நொடிக்கு 1,000 தடவை நடக்கும்: இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம். 1,000 காதுக்கு நன்றாகவே எட்டும். பக்கத்து வீட்டுக்காரர் குமிழியைத் திருகத் திருக வித்தியாசம் மாறும். சீழ்க்கை ஏறி இறங்கும்.

நம் பள்ளிப் பாடநூல்கள் இதற்கு 'விம்மல்' என்று பெயர் வைத்திருக்கின்றன. தம்புரா சுருதி சேர்ப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. இரண்டு தந்திகள் கிட்டத்தட்டச் சேர்ந்து, முழுவதும் சேராமல் நிற்கும்போது நாதம் அலையலையாக விம்மும். விம்மல் மெதுவாகி அடங்கினால் சுருதி சேர்ந்துவிட்டது. அலைகள் எவையானாலும், இரண்டு சந்தித்தால் கூடும், குறையும். இந்த ஒரே விதியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்ப்போம்.

பத்து மணி: தேய்ந்து வளரும் குரல்

ஊளையிட்ட குற்றத்துக்குப் பரிகாரமாகப் பக்கத்து வீட்டுக்காரர் நம் வீட்டுப் பையனைத் தன் வால்வு பெட்டி கேட்கக் கூப்பிடுகிறார். பகல் முழுக்க அதில் கிடைத்தது லண்டனும், சற்றே மங்கலாக இன்னும் ஓரிரு நிலையங்களும்தான். இப்போது குமிழியை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தினால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஊர். ஓராண்டுக்கு முன் ஒலிபரப்பைத் தொடங்கிய பெர்லின். இரண்டு மாதத்தைச் சற்றே தாண்டிய வியன்னா, ரோம். இடையிடையே கப்பல்களின் தந்திக் குறியீடு கரகரவென்று குறுக்கே ஓடுகிறது. விடியும் வரை விழித்திருந்தால் அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்தும் ஏதாவது விழும் என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் அன்று ஏராளம்.

ஆனால் நிம்மதியாகக் கேட்க முடியாது. வயலின் ஒன்று தெளிவாக வந்துகொண்டிருக்கும், அரை நிமிடத்தில் யாரோ கதவை மூடுவது போல மங்கும், கிட்டத்தட்ட அணைந்துவிடும், பிறகு தானாகவே பெருகி வந்து காதை நிறைக்கும். பேட்டரியைக் குறை சொன்னார்கள். வால்வை மாற்றினார்கள். நிலையத்துக்குக் கடிதம் எழுதினார்கள்.

எட்வர்ட் ஆப்பிள்டன் என்ற இளம் இயற்பியலாளர் கேம்பிரிட்ஜில் இருந்தபோது லண்டன் நிலையத்தின் வலிமையைக் கருவி வைத்து அளந்து பார்த்தார். பகலில் முள் ஆடாமல் நின்றது. இரவில் ஏறி இறங்கியது. நிலையம் ஒன்றே, பெட்டி ஒன்றே, தொலைவு ஒன்றே. மாறியது சூரியன் மட்டும். அப்படியானால் கோளாறு பெட்டியிலும் இல்லை, நிலையத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

நடுவில் என்ன இருக்கலாம் என்பதற்கு ஒரு பழைய ஊகம் இருந்தது. 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி இன்றைய கனடாவின் கரையில் சமிக்ஞை பெற்றதாக அறிவித்தார். நேர்கோட்டில் ஓடவேண்டிய அலை உருண்டையான பூமியை எப்படி வளைந்து சுற்றிப் போகும்? மறு ஆண்டே இருவர் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னார்கள். ஒருவர் பம்பாயின் கொலாபாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆர்தர் கென்னலி. மற்றவர் பல்கலைக்கழகப் படியே ஏறாமல் கணிதத்தில் மேதையான முன்னாள் தந்தி ஊழியர் ஆலிவர் ஹெவிசைடு. வளிமண்டலத்தின் உயரத்தில் மின்சாரத்தைக் கடத்தும் ஓர் அடுக்கு இருக்கலாம். அலை அதில் முட்டித் திரும்பலாம் என்றார்கள். அடுத்த 22 ஆண்டுகள் அது காகிதத்திலேயே இருந்தது. எவரும் அதைத் தொட்டு அளக்கவில்லை.

ஆப்பிள்டன் யோசித்தது இப்படி. நிலையத்திலிருந்து ஓர் அலை தரையை ஒட்டி நேராக வருகிறது. இன்னொன்று மேலே போய், அடுக்கில் பட்டுத் திரும்பி வருகிறது. இரண்டும் ஒரே ஏரியலில் சேர்கின்றன. சுற்றிக்கொண்டு வந்த அலை 'கொஞ்சம்' தாமதமாக வருகிறது. முகடும் முகடும் சேர்ந்தால் குரல் வளரும்; முகடும் பள்ளமும் சேர்ந்தால் தேயும். மேலே உள்ள அடுக்கு லேசாக அசைந்தாலும் இந்தச் சேர்க்கை மாறிவிடும். அப்படியென்றால் இரவு மங்கல் என்பது பக்கத்து வீட்டு ஊளைக்கு அண்ணன்தான். அங்கே இரண்டு பெட்டிகள் சுருதி சேராமல் விம்மின. இங்கே ஒரே நிலையத்தின் அலை, தன் எதிரொலியைச் சந்தித்து விம்முகிறது.

நள்ளிரவுக்குப் பின்

ஊகம் சரியா என்று பார்க்க, அடுக்கு தானாக அசையும் வரை காத்திருக்காமல் அலைநீளத்தை நாமே அசைக்கலாம். அதற்கு ஒரு முழு நிலையம் வேண்டும். பிபிசி தென்கடற்கரையிலிருந்த தன் போர்ன்மவுத் நிலையத்தைக் கொடுத்தது. நேயர்களுக்குத் தொல்லை கூடாது. எனவே ஒலிபரப்பு முடிந்து ஊர் தூங்கியபின்தான் சோதனை. 1924 டிசம்பர் 11 அன்றைய சோதனையில் ஆப்பிள்டனும் நியூசிலாந்திலிருந்து வந்த அவருடைய மாணவர் மைல்ஸ் பார்னெட்டும் சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி ஆக்ஸ்ஃபோர்டில் கருவியோடு உட்கார்ந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்குக் காரணம் உண்டு. நிலையத்துக்கு மிக அருகே தரை அலை ஓங்கிவிடும். மிகத் தொலைவில் வான அலை ஓங்கிவிடும். ஏறத்தாழச் சம பலத்தோடு மோதினால்தான் ஏற்ற இறக்கம் துலங்கும்.

போர்ன்மவுத்தில் அலைநீளத்தைச் சீராக நகர்த்தினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் முள் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. இவர்கள் செய்ய வேண்டியது எண்ணுவது மட்டும்.

எண்ணினால் உயரம் எப்படிக் கிடைக்கும்? புரிவதற்காக ஒரு கணக்குப் போடுவோம். வான வழி தரை வழியைவிட 95 கிலோமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அலைநீளம் 385 மீட்டராக இருக்கும்போது அந்த உபரித் தொலைவில் சுமார் 247 அலைகள் அடங்கும். 395 மீட்டராக்கினால் 240½தான் அடங்கும். நடுவில் ஆறுக்கும் சற்று அதிகமான அலைகள் குறைந்துவிட்டன. அத்தனை தடவை முள் ஏறி இறங்கியிருக்கும். இதைத் திருப்பிப் போட்டால், ஏற்ற இறக்கங்களை எண்ணி உபரித் தொலைவைக் கண்டுபிடித்துவிடலாம். மற்றது பள்ளிக்கூட முக்கோணம். அடிப்பக்கம் 120, மற்ற இரு பக்கங்களும் சேர்ந்து 215, உச்சியின் உயரம் 89.

ஆப்பிள்டனுக்குக் கிடைத்த விடை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்கே ஓர் அடுக்கு உண்மையாகவே இருந்தது. பலூன் எட்டாத, விமானம் எட்டாத உயரம். அதை நள்ளிரவில் நாற்காலியை விட்டு எழாமல் தொட்டுவிட்டார்கள். வானொலி அலையைக் கொண்டு ஒரு பொருளின் தொலைவை அளக்கும் இந்தத் தந்திரம் சீக்கிரமே பூமிக்கு இறங்கி வந்தது. 1935 பிப்ரவரியில் ராபர்ட் வாட்சன்-வாட் பிபிசியின் டாவென்ட்ரி நிலைய அலைகளைக் கொண்டே பறக்கும் விமானம் ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டினார், ராடார் பிறந்தது. இன்னும் மேலே இன்னோர் அடுக்கையும் கண்டறிந்த ஆப்பிள்டனுக்கு 1947இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

நான்கு மணிக்கு முன்பே மறைந்த அந்தச் சூரியனை இப்போது திரும்பிப் பார்க்கலாம். வளிமண்டல மேலடுக்குகளில் எலெக்ட்ரான்களைப் பிய்த்து உதிர்ப்பது சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும்தான். பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்திலும் இந்த உதிரி எலெக்ட்ரான்கள் இருக்கும். அங்கே காற்று ஓரளவு அடர்த்தி. வானொலி அலை அவற்றை ஆட்டினால், அவை காற்று மூலக்கூறுகளில் முட்டி மோதி அந்த ஆற்றலை வெப்பமாக வீணடித்துவிடும். மேலே போன மத்திய அலை மேலடுக்கைத் தொடுமுன்பே செத்துவிடுகிறது. எனவே பகலில் தரை அலை மட்டும். குரல் நிதானம், எல்லை குறுகல். சூரியன் மறைந்ததும் கீழடுக்கு எலெக்ட்ரான்கள் விரைவில் தங்கள் கூட்டுக்குத் திரும்பிவிடுகின்றன. வழி திறக்கிறது. அலை மேலே போய் முட்டித் திரும்புகிறது. பெர்லினும் வியன்னாவும் வருகின்றன. கூடவே விம்மலும் வருகிறது. தொலைதூர நிலையம் கிடைப்பதும் அது தேய்வதும் ஒரே கூரையின் வேலை.

லண்டனுக்கு மட்டும் உரிய விதி இல்லை இது. அதே 1924இல், ஜூலை 31 அன்று, சென்னையில் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் அமைந்த மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. அதன் அலைகளுக்கும் மேலே இதே கூரைதான். பின்னாளில் மத்திய அலை கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது அனுபவப் பாடம்: பகலில் இல்லாத ஊர்கள் பொழுது சாய்ந்ததும் முளைக்கும், பாட்டின் நடுவே குரல் எங்கோ போய்விட்டுத் திரும்பி வரும்.

ஹெவிசைடு 1925 பிப்ரவரி 3 அன்று டார்க்கீயில் காலமானார். தான் காகிதத்தில் வரைந்த அடுக்கை வேறொருவர் அளந்து முடித்து அப்போது எட்டு வாரம்கூட ஆகவில்லை.

நம் புறநகர் வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கிண்ணம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. மேசையில் பூனை மீசை எந்தப் புள்ளியிலோ ஊன்றியபடி நிற்கிறது. தோட்டத்தில் அந்த முப்பது மீட்டர் கம்பி குளிரில் தொங்குகிறது. தூரத்துப் போர்ன்மவுத்திலிருந்து பாட்டும் பேச்சும் ஏற்றாத வெறும் அலை ஒன்று தரை வழியாகவும் வான வழியாகவும் வந்து, அதன் எலெக்ட்ரான்களை ஒருமுறை அதிகமாகவும் ஒருமுறை குறைவாகவும் ஆட்டிவிட்டுப் போகிறது. அதைக் கேட்க அங்கே யாரும் விழித்திருக்கவில்லை.